காணா முயலின் தடம்: செனபோனின் வேட்டை நூலில் குருளைப் பயிற்சியும் கல்விக் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க எழுத்தாளர் செனபோனின் பெயரால் வழங்கும் வேட்டை நூல் 13 இயல்களைக் கொண்டது. முயல் தடத்தைத் தொடர்ந்து செல்ல இளநாய்களைப் பழக்கும் முறையை அதன் 7ஆம் இயல் விளக்குகிறது. 12, 13ஆம் இயல்கள் வேட்டையால் இளைஞர் பெறும் கல்வியையும் சோபிஸ்டுகள் மீதான கண்டனத்தையும் பேசுகின்றன. இவ்விரு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்னும் எண்ணம் நூலின் ஒருமை பற்றிய விவாதத்தில் இடம்பெற்று வந்துள்ளது. குருளைப் பயிற்சியின் நுட்பங்களை நெருங்கி வாசித்தால், கண்ணுக்குப் புலப்படாததை அதன் தடம்கொண்டு தொடரப் பழக்குதல் என்னும் ஒரே கருத்து இரு பகுதிகளிலும் இயங்குவதைக் காணலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அக்கருத்து நூலுக்கு ஒருமையைத் தருவதோடு தீராத சிக்கல் ஒன்றையும் தருகிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செனபோன், வேட்டை நூல், குருளை, முயல் தடம், சோபிஸ்டுகள், அரியன், துறைநூல் திறனாய்வு

முன்னுரை

செனபோன் ஏதென்ஸ் நகரத்தவர். சாக்ரடீசின் அணுக்கத்தில் இருந்தவர். பாரசீகப் போர்க்களத்திலிருந்து கிரேக்கப் படை மீண்ட வரலாற்றை 'அனபாசிஸ்' என்னும் நூலாக எழுதியவர். ஒலிம்பியாவை அடுத்த ஸ்கில்லூஸ் என்னும் ஊரில் தாம் வாழ்ந்த காலத்தில் ஆர்டெமிஸ் தெய்வத்துக்குக் கோயில் எடுத்ததையும், அத்தெய்வத்தின் விழாவுக்காகத் தம் புதல்வரும் ஊரவர் புதல்வரும் வேட்டையாடியதையும் அந்நூலிலேயே குறித்துள்ளார். வேட்டை அவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் அமையவில்லை. வழிபாட்டோடும் இளைஞர் வளர்ப்போடும் பிணைந்த செயலாக இருந்தது.

அவர் பெயரால் வழங்கும் வேட்டை நூலின் கிரேக்கத் தலைப்பு 'கினெகெதிகோஸ்' என்பதாகும். வேட்டைக்காரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'நாய்களை நடத்திச் செல்வோன்' என்னும் பொருளிலிருந்து பிறந்தது. நூற்பெயரும் அதே அடியிலிருந்து வந்தது. நூலின் பெரும்பகுதி முயல் வேட்டையைப் பற்றியது. மான், காட்டுப்பன்றி, அயல்நாட்டுக் கொடுவிலங்குகள் ஆகியவை 9, 10, 11ஆம் இயல்களில் சுருக்கமாகவே இடம்பெறுகின்றன.

இந்நூல் செனபோனுடையதுதானா என்னும் ஐயம் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. லுட்விக் ராடெர்மாகர் மொழிநடையை ஆராய்ந்து அவருடையது அன்று என வாதிட்டார். 1985இல் விவியன் கிரே அறிவுரை இலக்கிய மரபில் வைத்து இந்நூலை வாசித்து, அது செனபோனுடையதே என்றும் ஒருமை உடையது என்றும் வாதிட்டார். முதல் இயலின் புராணப் பட்டியலும் இறுதி இயல்களின் கண்டனமும் இவ்விவாதத்தில் மிகுந்த கவனம் பெற்றன. இடையில் உள்ள தொழில்நுட்ப இயல்கள் வேட்டைமுறையை அறிவதற்கான சான்றுகளாகப் பயன்பட்ட அளவுக்கு, கருத்தைத் தாங்கும் பகுதிகளாக வாசிக்கப்படவில்லை. அவ்வாசிப்பை 7ஆம் இயலைக் கொண்டு மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் பற்றிய குறிப்பு ஒன்று இங்கு தேவைப்படுகிறது. வேட்டைக்குப் பழக்கப்படும் இளநாயை இக்கட்டுரை 'குருளை' என்று வழங்குகிறது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் இப்பெயரைத் தருகிறது. ஆயினும் குழப்பம் நேராதிருக்க, இங்கு அது நாயின் இளமையை மட்டுமே குறிக்கும்.

1. தடத்தின் இயல்பு

குருளைப் பயிற்சியை விளக்குமுன் நூலாசிரியர் 5ஆம் இயலில் முயல் தடத்தை விரிவாக ஆராய்கிறார். அவருக்குத் தடம் என்பது மண்ணில் பதிந்த காலடி மட்டும் அன்று. காலத்தோடும் வானிலையோடும் மாறிக்கொண்டேயிருக்கும் வாடை. குளிர்காலத்தில் இரவு நீள்வதால் தடமும் நீள்கிறது; ஆனால் உறைபனி படிந்த காலைப்பொழுதில் வாடை எழுவதில்லை. இளவேனிலில் தடம் தெளிவாக இருந்தாலும் பூக்களின் மணம் கலந்து நாயைக் குழப்புகிறது. கோடையில் வெந்த நிலம் வாடையை அழித்துவிடுகிறது. முழுநிலவில் முயல்கள் ஒளியில் களித்துத் துள்ளி விளையாடுவதால் தடத்தில் நீண்ட இடைவெளிகள் விழுகின்றன. இக்கூற்றுகளில் சில இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாதவையாக இருக்கலாம். ஆனால் நெடுநாள் நேரில் கண்டு தொகுத்தவை என்பதில் ஐயமில்லை.

பயிற்சிக்கு அடிப்படையாக அமையும் பகுப்பு ஒன்றும் இவ்வியலில் உள்ளது. இரை மேய்ந்த முயல் தன் கிடைக்குத் திரும்பும் தடம் ஒருவகை. கிடையிலிருந்து கிளப்பப்பட்டு ஓடும் தடம் மற்றொருவகை. முன்னதைக் கிடைத்தடம் என்றும் பின்னதை ஓட்டத்தடம் என்றும் வழங்கலாம். கிடைக்குச் செல்லும் முயல் நின்று நின்று செல்வதால் வாடை அடர்ந்து நெடுநேரம் நிற்கிறது. ஓடும் முயல் விரைந்து கடப்பதால் வாடை மெலிந்து விரைவில் மறைகிறது. கிடைக்குச் செல்லும்போது முயல் வந்த வழியே மீண்டும் திரும்பித் தடத்தை மடக்கிச் செல்லும் இயல்பும் உண்டு. ஆகவே கிடைத்தடம் வலியது, ஆனால் சிக்கலானது. ஓட்டத்தடம் மெலிது, ஆனால் நேரானது.

2. பயிற்சியின் ஒழுங்கு

பெண்குருளையை 8ஆம் மாதத்திலும் ஆண்குருளையை 10ஆம் மாதத்திலும் வேட்டைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்கிறது 7ஆம் இயல். கிடைத்தடத்தில் குருளையை அவிழ்த்துவிடுதல் கூடாது. நீண்ட வாரில் பிணித்து, தேர்ந்த நாய்கள் மோப்பம் பிடித்துச் செல்லும் வழியே பின்தொடரச் செய்தல் வேண்டும். வார் நீளமானது என்பது கருதத்தக்கது. குருளை தடத்தின்மீது ஓடித் திரிய அது இடம் தருகிறது. தடத்தை விட்டு விலக இடம் தருவதில்லை. சிக்கலான தடத்தைக் குருளை தானே அவிழ்க்க வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கவில்லை. மூத்த நாய் அவிழ்க்கும்போது அருகிலிருந்து முகர்ந்து பழகுவதே முதற்பாடம்.

முயல் கிளம்பியதும் வருவது இரண்டாம் பாடம். ஓட்டத்துக்கேற்ற நல்ல உடலமைப்பு உடைய குருளையை உடனே விடுதல் கூடாது. முயல் முன்னோடிக் கண்ணுக்கு மறைந்த பின்னரே விடவேண்டும். முயலை அருகில் கண்டால் குருளை ஆற்றலுக்கு மீறி உடலை நீட்டி ஓடும். இன்னும் இறுகாத உடல் சிதைந்துபோகும் என்பது அவர் தரும் காரணம். ஓட்டத்துக்கேற்ற அமைப்பு இல்லாத குருளையை உடனே விடுவதில் தடையில்லை. பிடிக்கும் நம்பிக்கையை அது தொடக்கத்திலேயே இழந்துவிடுவதால் அவ்வாறு வருந்துவதில்லை. ஓட்டத்தடத்தில் பிடிக்கும்வரை ஓடவிடலாம். பிடித்த முயலைக் குருளைகளே கிழிக்கக் கொடுக்கவேண்டும்.

மூன்றாம் பாடம் ஒழுங்கைப் பற்றியது. வலையருகே நில்லாமல் சிதறித் திரியும் குருளைகளைத் திரும்பத் திரும்ப மீட்டுக் கொணர்தல் வேண்டும். இல்லையேல் முறையின்றித் தேடிப் பழகி, நாய்க்கூட்டத்தோடு சேராத நாய்களாகிவிடும். இந்நிலையை ஆசிரியர் தீய கல்வி என்று குறிக்கிறார். அவ்விடத்தில் அவர் ஆளும் 'மாதேமா' என்னும் சொல் மாணவர் கற்கும் பாடத்துக்கும் உரியது. நாய்க்குட்டியைப் பற்றிய வாக்கியத்தில் கல்வித்துறைச் சொல் அமைந்திருப்பதைத் தற்செயல் எனக் கடந்துவிட இயலாது.

இம்மூன்று பாடங்களிலும் மோப்பத்திறனைக் கற்பிக்கும் முயற்சி எங்கும் இல்லை. மோப்பம் குருளைக்குப் பிறவியிலேயே அமைந்தது. பயிற்றுவோன் செய்வது காலத்தாழ்வை ஏற்படுத்துவதே: வாரால் தாழ்த்துதல், முயல் மறையும்வரை தாழ்த்துதல், சிதறியவற்றை மீட்டுத் தாழ்த்துதல். இவற்றுள் நடுவில் உள்ளதே மிகக் கூரியது. கண்ணால் கண்டதை நோக்கிப் பாய்தல் எந்த நாய்க்கும் இயல்பு. கண்ணுக்கு மறைந்ததன் தடத்தை நம்பிச் செல்லுதல் பழக்கத்தால் வருவது. உடல் சிதையும் என்ற காரணம் காட்டி ஆசிரியர் வகுக்கும் விதி, விளைவில் குருளையின் கண்ணை ஒதுக்கி மூக்கை முதன்மைப்படுத்துகிறது.

3. உணவும் அன்பும் பகையும்

இளம்பருவத்தில், வலைகளை எடுக்கும் வேளையில், அவற்றின் அருகிலேயே குருளைகளுக்கு உணவு தரவேண்டும் என்பது அடுத்த விதி. பழக்கமின்மையால் வழிதவறிய குருளை உணவை நாடித் திரும்பி வந்து பிழைக்கும். முயலிடம் பகைகொண்டு, உணவைவிட அதனையே பெரிதாகக் கருதத் தொடங்கியபின் இவ்வழக்கம் வேண்டுவதில்லை. பெரும்பாலும் தலைவனே தன் கையால் உணவளிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். பசித்திருக்கும்போது அதற்குக் காரணம் யார் என்பதை நாய் அறியாது. விரும்பிய உணவைப் பெறும்போது அளித்தவனை நேசிக்கும் என்பது அவர் கூற்று.

இக்கூற்றில் மறைப்பு ஏதுமில்லை என்பதே வியப்புக்குரியது. பசிக்குப் பொறுப்பானவனும் உணவளிப்பவனும் ஒருவனே. நாய்க்குப் பாதி மட்டுமே தெரியும். அந்த அறியாமையின்மீது அன்பு கட்டப்படுகிறது. அன்பு பயிற்சியின் முதற்படி. இரையின்மீது பகை அதன் முடிவு.

இவ்விடத்தில் 3ஆம் இயலை உடன்வைத்து நோக்கவேண்டும். அங்கு நாய்களின் குறைகள் நீண்ட பட்டியலாகத் தரப்படுகின்றன. வேட்டையை வெறுத்துத் துரத்தலைக் கைவிடும் நாய்கள் ஒருபுறம். மனிதரிடம் கொண்ட அன்பால் கைவிட்டுத் திரும்பும் நாய்கள் மறுபுறம். மனிதநேயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அங்கு குறையின் பெயராகிறது. 7ஆம் இயல் எந்த அன்பை வளர்க்கச் சொல்கிறதோ, அந்த அன்பே மிகுந்தால் 3ஆம் இயலில் குற்றமாகிறது. இதனை முரண் என்று தள்ளுவதைவிட, பயிற்சிக் கோட்பாட்டின் மையச் சிக்கலாகக் கொள்வதே பொருந்தும். ஆசானை நேசித்துத் தொடங்கும் கல்வி, ஆசானைக் கடந்து பொருளை நாடும் நிலையை எவ்வாறு எய்தும்? குருளையைப் பொறுத்தவரை ஆசிரியர் தரும் விடை, பிடித்த முயலை அதற்கே கொடுத்தல். தன் பற்களால் பொருளை அறிந்தபின் அது கையை நோக்கித் திரும்புவதில்லை.

4. பொய்த்தடம் காட்டும் நாயும் சோபிஸ்டும்

3ஆம் இயலின் குறைப்பட்டியல் உடற்குறைகளோடு நிற்பதில்லை. தடம் கண்டதும் அதனைச் சுற்றிக் குரைத்து மிதித்து அழிக்கும் நாய், பிற நாய்கள் கண்டதையே பார்த்துப் பார்த்துச் செல்லும் தன்னம்பிக்கையற்ற நாய், அறிவுள்ள நாய்களை முன்செல்ல விடாமல் ஆரவாரத்தால் தடுக்கும் நாய், ஏமாற்றுகிறோம் என்று அறிந்தே பொய்த்தடத்தில் பிறவற்றை இட்டுச்செல்லும் நாய் என்று அது விரிகிறது. இவை ஒழுக்கக்குறைகள்; அதிலும் அறிவைப் பயன்படுத்துவதில் நேரும் ஒழுக்கக்குறைகள்.

13ஆம் இயலில் சோபிஸ்டுகள் மீது சாற்றப்படும் குற்றங்கள் இப்பட்டியலோடு ஒத்திருக்கின்றன. சொல்லில் நயம் தேடிக் கருத்தில் பயன் தராதவர். ஏமாற்றும் பொருட்டுப் பேசியும் எழுதியும் வருபவர். செல்வரையும் இளையரையும் வேட்டையாடுபவர் என்று ஆசிரியர் அவர்களைச் சாடுகிறார். நன்மையைத் தன் இயல்பிலிருந்தே கற்றல் சிறந்தது. உண்மையில் நல்லதை அறிந்தவரிடம் கற்றல் அதற்கு அடுத்தது. ஏமாற்றும் கலை வல்லாரிடம் கற்றல் ஆகாது என்று அவர் வகுக்கும் வரிசை, பிறவி மோப்பம், மூத்த நாயின் வழிகாட்டல், பொய்த்தட நாய் என்னும் வரிசையோடு பொருந்துகிறது. இறுதி இயல்களை வேற்றுக் கையின் இடைச்செருகலாகக் கருத முற்படுவோர் இந்த ஒப்புமைக்கு விடை கூறவேண்டியவராகின்றனர்.

ஆயினும் வேட்டை உருவகம் ஆசிரியரின் கட்டுக்குள் முழுமையாக அடங்கவில்லை. செனபோனின் 'சாக்ரடீஸ் நினைவுகள்' நூலில், அழகுக்குப் பெயர்பெற்ற தியோடொட்டி என்னும் கணிகையோடு சாக்ரடீஸ் உரையாடும் பகுதி உண்டு. இரவில் மேயும் முயலுக்கு ஒருவகை நாய், தடத்தை முகர்ந்து கண்டுபிடிக்க வேறுவகை, துரத்திப் பிடிக்க விரைவு நாய், தப்புவதைச் சிக்கவைக்க வலை என்று அடுக்கி, நண்பரைப் பெறுதற்கும் அத்தகைய சூழ்ச்சி வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ். அங்கு முயல் மனிதன். ஓரிடத்தில் ஆசானின் நகைச்சுவையாக அமையும் உருவகமே மற்றோரிடத்தில் சோபிஸ்டின் குற்றமாகிறது. மனிதரை வேட்டையாடுதல் தீது என்று ஒரே அளவுகோலால் செனபோன் அளக்கவில்லை என்பது தெளிவு.

5. காணப்படாத சால்பு

12ஆம் இயலின் பிற்பகுதி சால்பு பற்றியது. அரெதே என்னும் கிரேக்கக் கருத்தாக்கம் இங்கு சால்பு எனத் தரப்படுகிறது. சால்புக்கு உடல் இருந்து மக்கள் அதனைக் கண்ணால் கண்டிருந்தால் அதனை இவ்வளவு புறக்கணித்திருக்கமாட்டார்கள் என்கிறார் ஆசிரியர். தான் நேசிப்பவரின் பார்வையில் இருக்கும் ஒருவன் தன்னினும் மேம்பட்டவனாகிறான். இழிந்ததைச் செய்யவும் சொல்லவும் அஞ்சுகிறான். சால்பைத் தாம் காணாமையால் அதுவும் தம்மைக் காணவில்லை என எண்ணி மக்கள் தீயன செய்கின்றனர். அது எங்கும் நின்று காண்கிறது என்று அறிந்தால், அரிதாகவே பிடிபடும் அதனைப் பெற உழைப்பையும் பயிற்சியையும் நோக்கி விரைவர். 'பிடிபடுதல்' என்னும் வினை அங்கு இடம்பெறுவது வேட்டைமொழியின் தொடர்ச்சி.

இப்பகுதி 7ஆம் இயலின் விதியை மனித நிலைக்கு உயர்த்துகிறது. குருளை முயலைக் காணாதபோதும் ஓடப் பழகவேண்டும். இளைஞன் சால்பைக் காணாதபோதும் அதற்காக உழைக்கப் பழகவேண்டும். இரண்டிலும் கண்முன் நிற்பதன்மீது பாயும் வேட்கை ஆற்றலைச் சிதைப்பது. மறைந்ததன் தடத்தில் நிலைத்துச் செல்லும் பொறுமை ஆற்றலை வளர்ப்பது. சோபிஸ்டின் கல்வி கண்ணெதிரே காட்டப்படும் சொல்லழகு. வேட்டையின் கல்வி கிடையைத் தேடிச் செல்லும் நெடுவழி. வேட்டை நூலின் ஒருமையை இக்கருத்தில்தான் தேடவேண்டும்.

6. எதிர்க்குரல்கள்: பிளேட்டோவும் அரியனும்

வேட்டையைக் கல்வியாகக் கொள்வதில் உடன்பாடு உள்ள இருவரே இக்கோட்பாட்டை வலுவாகச் சோதிக்கின்றனர். பிளேட்டோ 'சட்டங்கள்' நூலின் 7ஆம் பகுதி இறுதியில், குதிரை, நாய், தம் உடல் ஆகியவற்றின் துணையோடு நாற்கால் விலங்குகளைத் துரத்தும் வேட்டையை மட்டுமே இளைஞர்க்கு உரியதாக ஏற்கிறார். வலையையும் கண்ணியையும் நம்பும் வேட்டையை உழைப்பற்றோர் செயலென விலக்குகிறார். செனபோனின் முயல் வேட்டை வலையில் முடிவது. உழைப்பின் கல்வி என்று போற்றப்படுவதன் இறுதிக் கணத்தைக் காத்திருக்கும் வலை முடித்துவைக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அரியன் தம்மைச் செனபோனின் வழித்தோன்றலாகவே கருதியவர். அதே தலைப்பில் வேட்டை நூல் ஒன்றை எழுதியவர். கெல்ட்டியரின் விரைவுநாய் இனத்தைச் செனபோன் அறிந்திருக்கவில்லை என்பதே தம் நூலுக்குக் காரணம் என்கிறார். அந்நாய் கண்ணால் கண்டு துரத்துவது. எனவே அவர் பயிற்சிமுறை தலைகீழாகிறது. திறந்த வெளியில் முயலை விட்டு, குருளையை அருகிலிருந்தே அவிழ்க்கவேண்டும்; காட்சியே அதற்கு ஊக்கம் தரும் என்கிறார். செனபோன் அஞ்சி ஒதுக்கியதை அரியன் முதற்பாடமாக்குகிறார். வலையும் அவருக்கு வேண்டுவதில்லை. முயலைப் பிடிப்பது நோக்கமன்று, ஓட்டப்போட்டியே நோக்கம். முயல் தப்பினால் மகிழ்ச்சியே என்கிறார். முயல் பிடிபடும் காட்சி காண்பவன் தன் காதலையும் மறப்பான் என்று செனபோன் எழுதியதை மறுத்து, துரத்தல் இனிது, பிடிபடுதல் காண வருத்தமே என்று எழுதுகிறார்.

நாயின் கண்நிறத்திலும் இருவரும் வேறுபடுகின்றனர். சாம்பல்நிறக் கண்ணைச் செனபோன் குறையாக எண்ணினார். அரியனோ அத்தகைய கண்ணுடைய தம் நாயை நூலில் அன்போடு புகழ்ந்து, ஹோர்மே என்னும் அதன் பெயரையும் பதிவுசெய்கிறார். செனபோன் குருளைகளுக்குப் பரிந்துரைத்த 47 பெயர்களில் இறுதிப் பெயரும் அதுவே. முன்னோர் தந்த பெயரை ஏற்று, அவர் விதித்த இலக்கணத்தை மீறிய நாய் அது. அரியனின் நூல் காட்டுவது, தடமே கல்வி என்னும் செனபோனின் முடிவு அவர் அறிந்திருந்த நாயினத்தைச் சார்ந்தது என்பதாகும். நாய் மாறினால் கல்விக் கோட்பாடும் மாறுகிறது.

முடிவுரை

செனபோனின் வேட்டை நூலில் குருளைப் பயிற்சி, தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் நிற்கவில்லை. காணாததைத் தடத்தால் தொடரும் ஒழுக்கம் என்னும் கருத்து அதில் உருப்பெற்று, இறுதி இயல்களில் மனிதக் கல்வியாக விரிகிறது. நூலின் ஒருமையை ஏற்பதற்கு இது உள்ளிருந்து கிடைக்கும் சான்று. ஆசிரியர் யார் என்னும் வினாவை இது தீர்த்துவிடாது. எனினும் 12, 13ஆம் இயல்களை எழுதியவர் 3, 7ஆம் இயல்களை நன்கு உள்வாங்கியவர் என்பதைக் காட்டுகிறது.

தீராது நிற்கும் சிக்கல் ஒப்புமையின் இருப்பிடத்தைப் பற்றியது. இளைஞன் இந்நூலில் வேட்டைக்காரனா, குருளையா? தொழில்நுட்ப இயல்களில் அவன் வார் பிடித்தவன். 12ஆம் இயலில் வேட்டை அவனைக் கடுந்தரையில் உறங்கவும், கட்டளைக்குப் பணியவும், இட்ட இடத்தில் நிலைத்து நிற்கவும் பழக்கிப் போருக்கு ஆயத்தமாக்குகிறது. அங்கு வார் நகரத்தின் கையில் உள்ளது. குருளை தான் துரத்தும் முயலுக்கு வலை விரிக்கப்பட்டிருப்பதை அறியாது. தன் பசிக்குக் காரணமானவனையும் அறியாது. குருளையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் ஆசிரியர், இளைஞனைப் பற்றி அதே வெளிப்படைத்தன்மையோடு பேசுவதில்லை. நூலின் கல்விக் கோட்பாட்டை மதிப்பிட முனையும் திறனாய்வு இந்த மௌனத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். துறைநூல்களின் பயிற்சி விதிகளை அவற்றின் அறக்கூற்றுகளோடு இணைத்து வாசிக்கும் முறை, தமிழில் வழங்கும் துறைநூல்களை ஆராய்வோர்க்கும் பயன்படக்கூடும்.